மூலையில் ஒரு வெட்டு

எடை 933.94 அவுன்ஸ். ஆயிரத்தில் 903 பங்கு சுத்தத் தங்கம். மதிப்பு 17,433 டாலர் 57 சென்ட். சான் பிரான்சிஸ்கோவின் 'கெல்லாக் அண்ட் ஹம்பர்ட்' பட்டறை வார்த்த ஒரு தங்கப் பாளத்தின் முகத்தில் இவ்வளவும் பொறித்திருக்கிறது. அன்று அரசு வைத்திருந்த விலை அவுன்சுக்கு 20.67 டாலர் சொச்சம். பெருக்கிப் பாருங்கள், கடைசி ஓரிரு சென்ட் தவிர கணக்கு சரியாக வரும். 2001-இல் அந்தப் பாளம் 80 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அந்த ஆண்டுச் சந்தையில் அதிலிருந்த தங்கம் மட்டும் 3 லட்சத்தைக்கூடத் தொட்டிருக்காது. மீதிப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி.

இப்படிப்பட்ட பாளங்களின் மூலையில் ஒரு வெட்டு இருக்கும். பழுது என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே நறுக்கிய துணுக்கை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் வைத்து உருக்குவார்கள். ஈயம் மட்ட உலோகங்களை இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிவிடும். மிஞ்சும் மணியில் கலந்துள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். கடைசியில் நிற்பதை நிறுத்தால் மாற்று தெரிந்துபோகும். நம் ஆசாரி உரைகல்லில் ஒரு கோடு இழுத்துக் கண்ணால் சொல்வதை, இவர்கள் நெருப்பில் போட்டு எண்ணாக எழுதினார்கள். அந்த எண்ணுக்குப் பட்டறையின் பெயர் பிணை. முன்பின் தெரியாத நியூயார்க் வங்கிக்காரர் அந்தப் பெயரை நம்பிப் பணம் கொடுப்பார்.

கொடுத்த பின் பாளத்தை என்ன செய்வார்? நாணயச் சாலைக்கு அனுப்பி உருக்குவார். பாளம் வைத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட பொருளே அல்ல. வழிப்பயணத்துக்கு மட்டும் தங்கம் பூண்ட வடிவம். ஊர் போய்ச் சேர்ந்த பாளங்களில் அநேகமாக எதுவும் இன்று இல்லை. நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிக்கும் இதே கதிதான். ஆகவே ஒரு பாளம் பிழைத்திருக்கிறது என்றால், வழியில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

நடந்தது 1857 செப்டம்பர் 12. பனாமா வழியாக வந்த கலிபோர்னியத் தங்கத்தையும் ஊர் திரும்பும் சுரங்கக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு நியூயார்க் நோக்கிப் போன 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற நீராவிக் கப்பல், கரோலினாக் கரைக்கு வெளியே புயலில் சிக்கி மூழ்கியது. ஆண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வேறு கப்பலுக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். சுமார் 425 பேர் இறந்தார்கள். தங்கம் வந்து சேராததால் நியூயார்க் வங்கிகளில் ஏற்கெனவே தொடங்கியிருந்த பீதி இன்னும் முற்றியது.

1988-இல் டாமி தாம்சன் குழுவினர் சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்து, 500-க்கும் மேற்பட்ட பாளங்களை மேலே கொண்டுவந்தார்கள். முதலில் சொன்ன பாளமும் அவற்றில் ஒன்று. 131 ஆண்டுகளுக்கு முன் நஷ்டஈடு கொடுத்த காப்பீட்டு நிறுவனங்களின் வாரிசுகள் உடனே பங்கு கேட்டு நீதிமன்றம் போயின. ஞாபகசக்தி தங்கத்துக்கு மட்டும் கூடுதல்தான். தாம்சனோ, 500 தங்க நாணயங்கள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் 2015-இல் சிறை சென்றார்.

பாளத்தின் முகத்தை மறுபடி பார்க்கிறேன். வார்த்தவர் பெயர் இருக்கிறது, தோண்டியவர் பெயர் இல்லை. மெக்சிகோவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து ஆற்றில் இடுப்பளவு நின்றவர்கள் உண்டு. அயல்நாட்டுச் சுரங்கக்காரர் மாதம் 20 டாலர் வரி கட்ட வேண்டும் என்று 1850-இல் சட்டம் போட்டார்கள். 1848-இல் முதல் பொன்துகளைக் கண்ட ஜேம்ஸ் மார்ஷலே 1885-இல் ஏழையாகத்தான் செத்தார். கலிபோர்னிய மண்ணின் பூர்வகுடிகள் 1848-இல் சுமார் 1,50,000 பேர். 1870 வாக்கில் சுமார் 30,000. நோய், பட்டினி, படுகொலை. இந்தக் கணக்கில் கடைசிச் சென்ட் கிடையாது. 'சுமார்' மட்டும்தான் கிடைக்கும்.

சேகரிப்பாளருக்கு வேறு கவலை இருக்கிறது. போலி. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'மேற்குப் பிரதேசப் பாளங்கள்' பல சந்தைக்கு வந்தன. சில ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வரை போய்ச் சேர்ந்தன. அவற்றில் பல பிற்காலத்தில் செய்தவை என்று நாணயவியலாளர் தியோடோர் பட்ரி வாதாட, பெரிய சண்டை மூண்டது. இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். சந்தேகத்துக்குள்ளான பாளங்களிலும் தங்கம் தங்கம்தான். உருக்கினால் எடைக்கு எடை காசு வரும். பொய் என்று சொல்லப்படுவது முத்திரையில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை. மூலையை வெட்டி நெருப்பில் போட்டால் மாற்றுக் குறையாமல் தேறிவிடும். வரலாற்றுக்கு அப்படியொரு சாம்பல் கிண்ணம் கிடையாது. உண்மைப் பாளம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்டக் கடைசியில் கடலடியிலிருந்து அந்தக் கப்பலே வர வேண்டியிருந்தது.

மீட்டெடுத்த பாளங்கள் எல்லாமே கண்ணாடிப் பேழைக்குப் போகவில்லை. விற்பனை உரிமை பெற்றவர்கள் 2001-இல் கெல்லாக் அண்ட் ஹம்பர்ட் பாளங்கள் சிலவற்றை உருக்கினார்கள். அந்தத் தங்கத்தில், கெல்லாக் பட்டறை 1855-இல் அச்சிட்ட 50 டாலர் நாணயத்தின் நகல்களை ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். ஆண்டு 1855 என்றே பொறித்தார்கள். கப்பலின் பெயரையும் சிறிய எழுத்தில் சேர்த்தார்கள். அவற்றையும் இப்போது சேகரிக்கிறார்கள்.