காக்கையும் களாம்பழமும்

(கல்யாண் ஸ்டேஷன் பாலம், மாலை நேரம். ஆங்கிலம் சொல்லித்தரும் இளைஞர் தன் பழைய ஆசிரியரிடம் ஒரு நோட்டை நீட்டுகிறார்.)

சீடன்: ஐயா, கசாரா லைனையும் கர்ஜத் லைனையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். "கசாரா இஸ் ஃபார் தேன் கர்ஜத்" என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். எத்தனை தடவை திருத்தினாலும் ‘ஃபார்தர்’ வரமாட்டேன் என்கிறது.

குரு: அவன் வீட்டில் என்ன பேசுகிறார்கள்?

சீடன்: தமிழ். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் மராத்தி. அவனுக்கும் இதே தவறு.

குரு: "கர்ஜத்தை விட தூரம்" என்கிறோம். மராத்தியில் ‘பேக்‌ஷா’. இரண்டு மொழியிலும் ஒப்பீட்டைப் பெயர்ச்சொல்லே சுமக்கிறது, தூரம் தூரமாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘தேன்’ போட்டாலும் போதாது, பண்புச்சொல்லும் உருமாற வேண்டும். பையன் தன் மொழி சொன்னபடி எழுதியிருக்கிறான் தம்பி. அதை அவனிடம் சொன்னாயா?

சீடன்: சொல்லவில்லை. சிவப்பு மையில் சுழித்தேன். சரி, அது இலக்கணம். கட்டுரையே நிற்கவில்லையே ஐயா! கசாராவுக்கு ஒரு பத்தி, கர்ஜத்துக்கு ஒரு பத்தி, கடைசியில் "இரண்டும் நல்லவை".

குரு: தொல்காப்பிய உரையில் காக்கையையும் களாம்பழத்தையும் வைத்து ஓர் எடுத்துக்காட்டு வரும். ஐந்தாம் வேற்றுமையில் சொன்னால், பழம் காக்கை போலக் கறுப்பு என்றும் கொள்ளலாம், காக்கையைவிடக் கறுப்பு என்றும் கொள்ளலாம். முன்னது உவமை, பின்னது உறழ்ச்சி. உருபு மட்டும் ஒன்றே. ஏன்?

சீடன்: இரண்டுக்கும் கறுப்பு பொது என்பதாலா?

குரு: அதேதான். எதில் ஒக்கும் என்று தெரிந்தால்தானே எது மிகும் என்று கேட்க முடியும்? இந்த ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. கசாரா பக்கம் தால் காட், கர்ஜத் பக்கம் போர் காட். இரண்டும் சஹ்யாத்ரி ஏற்றம், இரண்டிலும் 37 அடிக்கு 1 அடி உயர்வு. நெடுந்தூர ரயில்களைப் பின்னாலிருந்து தள்ள இரண்டு இடத்திலும் பாங்கர் எஞ்சின் நிற்கும். போர் காட் 1863இல் திறந்தது, தால் காட் 1865இல். பிள்ளைகள் முதலில் அந்த ஏற்றத்தை எழுதட்டும். அதற்கப்புறம் எழுதும் ‘ஆனால்’ வெறும் ‘ஆனால்’ ஆகாது.

சீடன்: எதற்காக ஒப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால்?

குரு: கேட்கட்டும். அந்தக் கேள்வி வராத கட்டுரைதான் "இரண்டும் நல்லவை" என்று முடிகிறது. உன் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லையா?

சீடன்: (நோட்டைப் புரட்டி) ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பாட்டி ஊருக்குப் போகும் சென்னை ரயில் கர்ஜத் வழியாகத்தான் போகுமாம். அடைமழை பெய்தால் போர் காட் ஏற்றத்தில் மண் சரிந்ததா என்று அப்பா விசாரிப்பாராம், கசாராவைப் பற்றி விசாரிக்கவே மாட்டாராம். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துவிட்டேன்.

குரு: எந்த மையில்?

சீடன்: சிவப்பு, ஐயா.

குரு: நாளைக்கு அவளிடம் போய், அடித்தது உன் தவறு என்று சொல். அந்த வரியைக் கட்டுரையின் தலையில் வைக்கச் சொல். ‘பட்’ எங்கே போடுவது என்று நீ சொல்லித்தர வேண்டியிருக்காது.