எந்த வெயில் பக்குவப்படுத்தும்?

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது என்று பல சமயங்கள் சொல்கின்றன. இறைவன் ஒறுப்பதையும் சைவம் மறக்கருணை என்றே அழைக்கிறது. சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் அடிப்பதும் பரிவினால்தான், ஈசன் முனிவும் அத்தகையதே என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் வாதிடுகிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக் 1966-இல் வெளியிட்ட நூலில், இவ்வுலகம் சுகமாக இருந்துவிட்டுப் போவதற்கான இடமல்ல, ஆன்மாக்கள் உருவாகும் இடம் என்று சொல்லி, தீமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அதையே விடையாக வைத்தார். இந்தக் கருத்துக்குச் சான்று கேட்டால் பேச்சில் சட்டென்று வந்து நிற்பது செடிதான்: வெயிலும் காற்றும் படாத செடி தேறாது என்பார்கள். செடியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அதன் சாட்சியத்தை முழுவதும் கேட்க வேண்டும்.

மிளகாய் நாற்றை எடுத்துக்கொள்வோம். குழித்தட்டில் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றி, முளைக்கும் வரை தட்டுகளை அடுக்கி மூடிவைக்கிறார்கள். முளை தலைகாட்டியதும் நிழல்வலைக் குடிலுக்குள் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளிக்கிறார்கள். நடவு வரைக்குமான 35, 40 நாளில் பெரும்பகுதி நிழலிலேயே கழிகிறது. கடைசி ஒரு வாரத்தில்தான் தண்ணீரைக் குறைத்து, முதலில் காலை இளவெயிலில் சிறிது நேரம், அடுத்தடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று வெயிலுக்குப் பழக்குகிறார்கள். உறைபனி விழும் நாடுகளில் பனி ஓய்வதற்கு 6 முதல் 8 வாரம் முன்பே வீட்டுக்குள் தக்காளி விதைப்பவர்களும் இதே வரிசையைத்தான் கைக்கொள்கிறார்கள். அந்தச் சில நாளில் இலைமேல் மெழுகுப் படலம் தடிக்கிறது. வளர்ச்சி மட்டுப்பட்டு உள்ளே சத்து சேர்கிறது. காற்று அசைக்க அசைக்கத் தண்டு குட்டையாகிப் பருக்கிறது. தொடுகையாலும் அசைவாலும் செடியின் உருவம் மாறும் இந்த இயல்புக்கு 1973-இல் மார்க் ஜாஃபி என்ற தாவரவியலாளர் பெயர் சூட்டினார். ஆகவே கஷ்டம் வலுவைத் தரும் என்பது வெற்று ஆறுதல் அல்ல. நிழலிலேயே விட்ட நாற்று வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து, வயலுக்கு வந்ததும் சாய்ந்துவிடும்.

ஆனால் நிழல் முதலில் வந்தது. வெயில் பிறகுதான் வந்தது. வந்த வெயிலுக்கும் அளவு இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், இலை துவண்டால் தட்டைத் தூக்கி உள்ளே வைக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்தார். இவை இல்லையென்றால் அதே வெயில் வேறு வேலை செய்யும். இரண்டிலைப் பருவத்தில் உச்சி வெயிலில் வைத்த நாற்று தேறுவதில்லை, கருகுகிறது. காலிஃபிளவர் நாற்று பட்டினியிலும் நெருக்கடியிலும் நாள்பட இருந்தால், செடி பெருக்கும் முன்பே பொத்தான் அளவில் பூ வைத்துவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அது பெரிதாவதில்லை. சாகவில்லை, ஆனால் ஆகவேண்டியதும் ஆகவில்லை. துன்பத்தைத் தாங்கியவர்கள் பலர் நிலையும் இதுதான். தாங்கினார்கள் என்பதை வளர்ந்தார்கள் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் நாற்றங்கால் ஏது, நேரடியாக மண்ணில் விழுந்து வளரவில்லையா என்று கேட்கலாம். வளர்கின்றன. அதனால்தான் அவற்றை நெருக்கமாக விதைத்துவிட்டு, பிறகு மிகையானவற்றைக் களைந்துவிடுகிறோம். இயற்கையும் ஒரு செடிக்காக நூறு விதை உதிர்க்கிறது. பிழைத்த ஒன்றைக் காட்டி வெயில் நல்லது என்பவர், மற்றத் தொண்ணூற்றொன்பதை எண்ணவே இல்லை. அன்பே சிவம் என்று சொல்லும் சமயம் இப்படி ஒரு கணக்கை ஏற்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தோட்டக்காரர் நோக்கம் நாற்றுக்குத் தெரியுமா? இறைவன் வைத்த அளவு நமக்குப் புலப்படவில்லை என்பதால் அளவே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு பிறவியில் கருகியது இன்னொரு பிறவியில் தழைக்கலாம். ஹிக்கும் மரணத்துக்குப் பின் இந்த வளர்ச்சி தொடரும் என்றே நம்பினார். இந்த நம்பிக்கை பொய் என்று யாராலும் காட்ட முடியாது; நானும் அதற்கு முயலவில்லை. ஆனால் அளவு கண்ணுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர், கண்ணுக்குத் தெரியும் அளவோடு வளரும் செடியைத் தமக்குச் சான்றாக அழைக்க முடியாது. மேலும், சித்தாந்தமே அளவை அறிந்த தத்துவம். திருவருள் பதிவதைக்கூட மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று ஆன்மாவின் பக்குவத்துக்கேற்ப நான்கு படியாக வகுத்தது அது. அருளுக்கே படி பார்த்தவர்கள் துன்பத்துக்குப் பார்க்க வேண்டாமா?

எனவே துன்பம் பக்குவப்படுத்தும் என்ற கொள்கை துன்பத்துக்கு விளக்கம் ஆகாது. வளர்ப்பவருக்கு, ஆசிரியருக்கு, ஆட்சியில் இருப்பவருக்கு அது ஒரு கடமை: முதலில் நிழல் கொடு, பிறகு அளந்து வெயில் காட்டு, பக்கத்திலேயே இரு. தன் துயரத்தைப் பற்றி, அதனால் நான் தேறினேன் என்று ஒருவர் தாமே சொன்னால் வணங்கிக் கேட்போம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் பசியில் வளரும் குழந்தையிடமும் அதை நாம் சொல்ல வேண்டாம்.