பூட்டு யார் பக்கம்?

பூட்டைத் துணியால் சுற்றிக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்துவார்கள். பக்கத்தில் ஒரு நோட்டீஸ். சீல் வைப்பது அவ்வளவுதான். வருவாய்த் துறை ஊழியர்களுக்குக் கைவந்த வேலை. 2023 ஜூன் 7ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் கோலியனூரை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு, கோட்டாட்சியர் உத்தரவுப்படி சீல் விழுந்தது. வைக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பக்தர்களுக்காகக் கதவு முழுதாகத் திறக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று.

2023 ஏப்ரல் திருவிழாவில் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதிகாரிகள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பலமுறை பேசினார்கள். படியவில்லை. கடைசியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு கைகொடுத்தது. நிலமோ நீர்நிலையோ யார் அனுபவத்தில் இருக்கிறது என்று இருவர் மல்லுக்கு நிற்கும்போது, அமைதி கெடாமல் இருப்பதற்காக ஏற்பட்ட பிரிவு அது. சாமி கும்பிடப் போனவர்களின் வழக்கு, வரப்புத் தகராறுகளின் வரிசையில் போய் உட்கார்ந்தது.

ஆள்பவரின் முதல் கடமை அமைதியா, நியாயமா? இரண்டும் ஒன்றாக வாய்த்தால் யாருக்கும் சங்கடமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் நியாயத்தைத்தான் தேர வேண்டும். இதில் இழுபறிக்கு இடமே கிடையாது.

பூட்டு பார்வைக்கு நடுநிலையானது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று சொல்வது போலத் தொங்குகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றவர்களுக்கு அது புதிதாக எதையும் செய்வதில்லை. நேற்று வரை ஆட்கள் நின்ற இடத்தில் இன்று அரசாங்கம் நிற்கிறது, அவ்வளவே. ஊர்த்தெருவில் இருப்பவருக்கு அது சில காலத்து மனக்குறை. காலனியில் இருப்பவருக்கு அதுவே பழைய நிலைமை, இம்முறை முத்திரையோடு. ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகும்; தெரு அங்கேயேதான் இருக்கும்.)

அமைதியைக் கேட்பவர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. கலவரம் மூண்டால் முதலில் எரிவது குடிசை. காவல் போட்டால் எத்தனை நாளைக்குப் போட முடியும் என்பது உண்மையான கேள்வி. அதை ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

அமைதியா நியாயமா என்ற கேள்விக்கு இதே மண்ணிலிருந்து ஒருவர் முன்பே பதில் சொல்லியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். இரண்டு மாதம் முடிவதற்குள், அந்த மே மாதத்தில், ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் நிறைவேறியது. நாடு இன்னும் விடுதலை அடைந்திருக்கவில்லை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் வர மூன்று வருஷம் இருந்தது. 1939இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளையும் நாடார்களையும் அழைத்துப்போனபோது, ராஜாஜி கொண்டுவந்த சட்டம் கதவைத் திறந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. ஓமந்தூரார் காலத்துச் சட்டம் அதையும் தாண்டி, எந்தச் சாதி இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்று உரிமையாகவே எழுதியது. 1947 அக்டோபரில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமும் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அவர் ஒன்றும் நாத்திகர் அல்லர். வள்ளலார் அன்பர்; பதவி போன பிறகு வடலூரில் போய் இருந்தவர். 1949 ஏப்ரலில் பதவி போனது. இரண்டே வருஷம்!

காலத்தையும் கண்டத்தையும் தாண்டிப் போனால் இன்னொரு கதவு நிற்கிறது. அமெரிக்காவில் ஜான் கென்னடி 43 வயதில் ஜனாதிபதியானார். தேர்தலில் வென்று அங்கே அப்பதவிக்கு வந்தவர்களில் அவரை விட இளையவர் கிடையாது. இளமை என்றால் துணிவு என்று நினைப்பது வழக்கம். உள்நாட்டில் முதல் இரண்டு வருஷம் அவர் காட்டியது கிழட்டு ஜாக்கிரதை. அரசு உதவி பெறும் வீடுகளில் இன ஒதுக்கலைப் பேனாவின் ஒரே கீறலில் முடிக்கலாம் என்று 1960 தேர்தலில் பேசியவர், 1962 நவம்பர் வரை அந்தப் பேனாவை எடுக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று ஜனங்கள் வெள்ளை மாளிகைக்குத் தபாலில் பேனாக்களை அனுப்பிவைத்தார்கள். அவர் தயங்கியதற்குக் காரணம் ஓட்டுக் கணக்கு. நாடு முழுவதும் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் அவர். நாடாளுமன்றக் குழுக்களின் தலைமையோ அவருடைய கட்சியின் தென்மாநிலப் பெரியவர்கள் கையில் இருந்தது. விழுப்புரத்து வாசகருக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

1961 மே மாதம், பஸ் பயணத்தில் இருந்த இன ஒதுக்கலை எதிர்த்து, வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பஸ் ஏறித் தென்மாநிலங்களுக்குள் போனார்கள். அலபாமாவில் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள், பயணிகளை அடித்தார்கள். கென்னடி அப்போது வியன்னாவில் சோவியத் தலைவர் குருசேவைச் சந்திக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். உலகத்தின் முன் தலைகுனிவு என்று அவருக்கு எரிச்சல். சட்டத்துறையைப் பார்த்துக்கொண்ட தம்பி ராபர்ட், கொஞ்ச காலம் சூடு ஆறட்டும் என்று கேட்டார். தலைமுறை தலைமுறையாக ஆறிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று பதில் வந்தது. மேல்பாதியின் அரக்கும் சூடு ஆறத்தான் ஊற்றப்பட்டது.

வெளிநாட்டு விவகாரத்தில் அதே கென்னடியின் நிதானம் உலகத்தைக் காப்பாற்றியது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்ததும் உடனே குண்டு போடச் சொன்ன தளபதிகளுக்கு அவர் இணங்கவில்லை. கப்பல்களை மறித்தார், கடிதம் எழுதினார், காத்திருந்தார். பதின்மூன்று நாள். அங்கே காத்திருந்தது சரி. இரு பக்கமும் இன்னொரு பக்கத்தை அழிக்கும் வலு இருந்தது. தாமதத்தின் விலையை இருவருமே கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலிலோ கோயில் வாசலிலோ காத்திருப்பதன் கணக்கு வேறு. அங்கே உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். தாமதத்தின் விலை முழுவதும் வெளியே நிற்பவரின் பற்றில்தான் ஏறும்.

இதைக் கென்னடி அடிபட்டுத்தான் கற்றார். கியூபாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்க்க, மாநில கவர்னரோடு போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அமைதி காக்கும்படி தொலைக்காட்சியில் அவர் கேட்டுக்கொண்டபோது அங்கே கலவரம் தொடங்கியே விட்டது. அன்றிரவு இரண்டு பேர் செத்தார்கள். மறுநாள் ராணுவம் சூழ மெரிடித் சேர்ந்தார். 1963 மே மாதம் பர்மிங்ஹாமில் பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் ஏவப்பட்ட படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அதற்குப் பிறகு பேரம் நின்றது. ஜூன் 11ஆம் தேதி அலபாமா பல்கலைக்கழக வாசலில் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் தானே வந்து மறித்து நின்றார். மாநிலக் காவல்படையைக் கென்னடி மத்திய அரசின் கீழ் எடுத்துக்கொண்டார். அதன் ஜெனரல் ஒருவர் வந்து சொன்னதும் வாலஸ் விலகினார். விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூட்டும் உள்ளே போனார்கள். அன்று இரவே கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, இது அறம் பற்றிய விஷயம் என்றார். கலவரத்தையும் ஓட்டையும் எண்ணிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வர இரண்டரை வருஷம் பிடித்தது. அந்த உரை முடிந்து சில மணி நேரத்தில், மிசிசிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். அமைதி வந்துவிடவில்லை. அதனால் கதவைத் திறந்தது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் நூல்கள் இதில் மயக்கம் வைக்கவில்லை. வள்ளுவர் செங்கோன்மை என்று ஓர் அதிகாரம் வைத்து, யார் பக்கமும் சாயாமல் ஆராய்ந்து முறை செய்யச் சொன்னார். அடுத்த அதிகாரத்துக்குக் கொடுங்கோன்மை என்று பெயர் வைத்து, நாள்தோறும் ஆராயாத அரசன் நாள்தோறும் நாட்டை இழப்பான் என்றார். மனுநீதிச் சோழன் கன்றை இழந்த பசுவுக்கு நியாயம் செய்தான். அரண்மனையின் அமைதியை அவன் எண்ணியிருந்தால் மகனைக் காப்பாற்றியிருக்கலாம். பெரியபுராணத்தில் திருப்புன்கூரில் நந்தனார் கோயிலுக்கு வெளியே நின்றபோது, சிவபெருமான் தம் நந்தியை விலகச் சொன்னார். நந்தி யாரோடும் கலந்து பேசவில்லை. (தில்லையில் அவரை எரியில் இறக்கித்தான் கதை உள்ளே விட்டது, அது இன்றும் உறுத்துகிறது.)

எல்லாவற்றுக்கும் மேலே, பூட்டிய கோயிலுக்குள் இருந்தவள் யார்? திரௌபதி. தர்மம் எது என்று ஒரு முழுச் சபையைக் கேட்டவள். தர்மத்தின் போக்கு நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். துரியோதனனின் தம்பி விகர்ணன் எழுந்து அநியாயம் என்றான், பெரியவர்கள் கேட்கவில்லை. அவள் வழிபாட்டின் மூலத்தலமாகச் சொல்லப்படும் மேலச்சேரி, செஞ்சிக்குப் பக்கத்தில், இதே மாவட்டத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது துகிலுரிதல் இரவுக்குத்தான் கூட்டம் அதிகம். தலைப்பில் குழந்தையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து அழுகிறார்கள். வாய்மூடிய சபையைத் திட்டிக்கொண்டே எழுந்து போகிறவர்கள், தங்கள் ஊர்க் கூட்டத்தில் என்ன பேசினார்கள்?

கதவைத் திறப்பது நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தலித் மக்களைக் கையோடு அழைத்துப் போனார்கள். அந்த இரண்டு அதிகாரிகளும் பெண்கள். அடுத்த மாதமே திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் ஆட்சியர் முன்னிலையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போய்ப் பொங்கல் வைத்தார்கள். மேல்பாதிக்குச் சில மாதம் முந்திய கதைகள் இவை. சட்டம் ஒன்றுதான், மாநிலமும் ஒன்றுதான்.

மேல்பாதியில் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மார்ச்சில் பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்துவிட்டு வர வழி செய்தது. அம்மனுக்கு விளக்கு எரிந்தது. பார்க்க ஆள் இல்லை. 2025 ஏப்ரல் 17ஆம் தேதி போலீஸ் காவலோடு கதவு எல்லோருக்கும் திறந்தது. தலித் மக்கள் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள். ஓமந்தூரார் காலத்துச் சட்டத்துக்கு 78 வயது முடிய அன்றைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.