தொண்டும் தோட்டத்து வாசலும்

பிறர் துயர் கண்டு உள்ளம் இளகுதல் நற்பண்பு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அவ்வாறு இளகிய உள்ளத்தோடு கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத ஒரு சிற்றூரில் ஊழியம் புரிபவரின் செயலை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அவருடைய நோக்கத்தைக் கொண்டா, அவ்வூரில் விளைந்த பயனைக் கொண்டா? ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும்.

பதுளை, பசறை, அப்புத்தளை, கொஸ்லாந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலைகளுக்கு வெளிநாட்டு இளைஞர் தொண்டு செய்ய வருவது புதிதன்று. சிலர் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கின்றனர். சிலர் பிள்ளைக் காம்பராவுக்கு வர்ணம் பூசுகின்றனர். சிலர் மருத்துவ முகாம் நடத்துகின்றனர். விடாத மழையும் அட்டைக்கடியும் மொழி அறியாத தனிமையும் அவர்களைச் சோர்வுறச் செய்கின்றன. முதல் வாரத்தில் ‘உலகையே மாற்றிவிடலாம்’ என்றிருந்த உற்சாகம், சில வாரங்களில் ‘நான் இங்கு எதற்காக வந்தேன்?’ என்ற ஐயமாகத் தேய்கிறது. பிறகு ஒரு நாள், தாயின் சேலைத் தலைப்பில் முகம் புதைத்து நின்ற சிறுமி வாய்திறந்து ஒரு முழு வாக்கியம் பேசுகிறாள்; சோர்வு பறந்துபோகிறது. இந்த மகிழ்ச்சியை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆசிரியர் பற்றாக்குறையில் வாடும் பாடசாலையில் அந்த ஒரு வாக்கியமும் ஒரு செல்வமே.

ஆயினும் ஓர் ஏற்றத்தாழ்வை மறந்துவிடலாகாது. தொண்டரின் பையில் ஊர் திரும்பும் விமானச் சீட்டு இருக்கிறது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அத்தகைய சீட்டு இல்லை. அவருக்கு ஓர் அனுபவமாக அமைவது, இவளுக்கு வாழ்நாள் முழுவதும் தொடரும் வாழ்க்கை.

இவ்வேற்றத்தாழ்வைக் கண்டு கொதித்தவர்களுள் ஒருவர் இவான் இல்லிச். 1968ஆம் ஆண்டு மெக்சிகோவில், அந்நாட்டுக் கிராமங்களுக்குத் தொண்டு புரிய வந்த அமெரிக்க மாணவர்களின் முன்னிலையிலேயே அவர் அவர்களைக் கடுமையாகச் சாடினார். காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பதே அவர் உரையின் சாரம். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. எனினும் அதை முழுதும் ஏற்பதற்கில்லை. அயலார் எவரும் உதவ வரலாகாது என்பதே விதியாயின், இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் சில சிறந்த பக்கங்கள் எழுதப்பட்டே இரா.

தோட்டம் என்பது மற்றக் கிராமங்களைப் போன்றதன்று. அதற்கு ஒரு வாசல் உண்டு. அவ்வாசலுக்கு ஒரு காவல் உண்டு. தொழிலாளி குடியிருக்கும் லயமும் அவன் நடக்கும் பாதையும் நிர்வாகத்தின் பிடியிலேயே இருந்து வந்துள்ளன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் இந்நிலையை மாற்றவில்லை. 2018இல் அது திருத்தப்படும்வரை, பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடை இருந்தது. அரசின் கையே வாசலில் நின்றுவிட்ட இடத்தில், அயல்நாட்டுத் தொண்டர் மட்டும் எவ்வாறு உள்ளே நுழைந்தார்? யாருடைய இசைவோடு நுழைந்தார்? அவருடைய நல்லெண்ணத்தைவிட இந்தக் கேள்வியே முதன்மையானது.

தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியின் வேடத்தில் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். பின்னர் இந்நாட்டிலேயே தங்கி, 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டிலோ பெரிய வாசல் வழியாகவே நுழைந்தவர். 1936இல் மடுல்கலையில் தோட்ட நிர்வாகம் பழக வந்த அவர், தொழிலாளரின் பக்கம் சாய்ந்து தம் இடத்தை இழந்தார்; லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து துரைமாரின் கொடுமைகளை மேடையில் எடுத்துரைத்தார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். மே மாதத்தில் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்று தீர்த்தது. அவரும் பின்னர்த் தாமாகவே இந்நாட்டைவிட்டுச் சென்றவர்தாம். ஆகவே, திரும்பிச் செல்லுதல் குற்றமன்று. தங்கியிருந்த காலத்தில் யார் பக்கம் நின்றார் என்பதே கணக்கு.

ஒரு நியாயமான மறுப்பு இங்கே எழும். ‘நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டால் வாசல் மூடப்படும், அப்போது நோயுற்ற குழந்தைக்கு மருந்து தருவது யார்? சமுதாயம் மாறும்வரை காய்ச்சல் காத்திருக்குமா?’ என்பர். காத்திராது. மருந்து தரத்தான் வேண்டும். ஆனால், இம்மருந்து ஏன் இங்கே ஏற்கெனவே இல்லை என்ற கேள்வியைக் கேட்காமல் கொடுக்கப்படும் மருந்து, குழந்தையின் காய்ச்சலைத் தணிப்பதோடு, கடமை தவறியவர்களின் மனச்சாட்சியையும் சேர்த்துத் தணித்துவிடுகிறது.

இது வெறும் தத்துவமன்று. கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்துண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு நிலம் இல்லை. சரிவுக்குப் பின் நாடெங்கிலுமிருந்து தொண்டர்கள் திரண்டனர்; உணவும் உடையும் குவிந்தன. அந்த அன்பு மெய்யானது. ஆனால் முந்திய ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பேர் அம்மக்களோடு அமர்ந்து, மாற்று நிலம் கேட்டு மனு எழுதினர்? உயிர்தப்பியவர்கள் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கவைக்கப்பட்டனர். புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. கொடுப்பதற்குப் பலர் வந்தனர். கேட்பதற்குத் துணைநின்றோர் சிலரே.

1940 மே மாதத்தில் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் வேறொரு வழியைக் காட்டுகிறது. சமசமாஜிகள் வெளியிலிருந்து துணை வந்தனர் என்பது உண்மையே. ஆனால் அங்கே உருவானது தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபை. அதனோடு கலந்தே முடிவெடுக்கத் துரை இணங்க நேர்ந்தது. அடுத்த மாதமே கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர், இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஆயினும், லயத்து மனிதன் துரையோடு சமமாக அமர்ந்து பேச முடியும் என்பதை அம்மலை ஒருமுறை கண்டுவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ, தமிழகத்திலிருந்தோ, இலண்டனிலிருந்தோ தோட்டத்துக்குச் செல்ல விழையும் இளைஞரே, செல்லுங்கள். ஆங்கிலம் கற்பியுங்கள், அம்மொழியில் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதவும் கற்பியுங்கள். மருந்து கொடுங்கள், மருந்தகம் கேட்டுக் கையெழுத்து வாங்கும் பெண்களுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். உங்களைத் துரை என்று அழைத்தால் முதல் நாளே திருத்துங்கள். நீங்கள் ஊர் திரும்பிய மறுநாள், அம்மக்கள் தாமாகவே கூடிப் பேசுகின்றனரா, அடுத்த தொண்டருக்காகக் காத்திருக்கின்றனரா என்று கேட்டறியுங்கள். உங்கள் ஊழியத்தின் மதிப்பு அந்த விடையிலேயே அடங்கியுள்ளது.