தாய்க்கும் தீங்கில்லை, சேய்க்கும் தீங்கில்லை



பிள்ளைக்கு முழுதாக இரண்டு வருஷம் பாலூட்டுவதைப் பற்றித் திருமறையின் பகரா அத்தியாயம் 233-ஆம் ஆயத்து கூறுகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் தீங்கு நேரலாகாது என்பதும் அதே ஆயத்தின் கட்டளைதான். முன்னதை நினைவில் வைத்துப் பின்னதை மறப்பது நியாயமாகுமா?

லூப்பஸ் என்றொரு நோய் உண்டு. உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலைத் தாக்கி, மூட்டு, தோல், சிறுநீரகம் யாவற்றையும் வாட்டும். இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அநேகர் பிள்ளை பெறும் வயதினர். அலோர் ஸ்டாரானாலும் தோட்டத்துக் கடையானாலும், "மாத்திரை பாலில் இறங்கும், நிறுத்திவிடு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் பிரசவத்துக்குப் பின் இந்நோய் மீண்டும் தலைதூக்கக் கூடும். மருந்தை நிறுத்தினால் அபாயம் இன்னும் அதிகம்.

வைத்தியர்கள் கூறுவதைக் கேளுங்கள். லூப்பஸுக்கு முக்கியமாகக் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த குளோரோகுயினின் இனம். பாலில் அது சொற்பமே சேரும். பாலூட்டும் தாய் அதை உட்கொள்ளலாம் என்று அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது, அசதியோப்ரினுக்கும் இடந்தருகிறது. பிரெட்னிசொலோன் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆனால், விழுங்கியபின் நான்கு மணி நேரம் சுரந்த பாலைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைட் ஆகியவற்றை உட்கொள்ளும்போது பாலூட்டுவது தகாது.

அத்தகைய மருந்துதான் வேண்டுமென்றால், புட்டிப்பால் கொடுக்கும் தாயை யாரும் குறைகூற வேண்டாம். தாயும் தந்தையும் கலந்து ஆலோசித்துப் பால் மறக்கடிக்க அதே ஆயத்து அனுமதி தந்திருக்கிறது.

வியாபாரிகளே! ஒரு கிலோ பருப்பையும் நிறுக்காமல் கொடுக்க மாட்டீர்கள். மனைவியின் மருந்தில் மட்டும் கைமதிப்பா? பால் கொடுக்கும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பென்று அந்த ஆயத்து விதிக்கிறது. அவளுடைய வைத்தியச் செலவையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள். பிரசவத்துக்கு முன்பே ஒருநாள் கடையை அடைத்துவிட்டு, மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அவளுடன் நீங்களும் வைத்தியரிடம் செல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையானால் மறவாமல் அதையும் சொல்லுங்கள். வைத்தியரைக் கேளாமல் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்; பாலையும் நிறுத்தாதீர்கள்.

நோய்க்கு மருந்தையும் படைத்த அல்லாஹுத்தஆலா, நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.