கூடம் கோணலாயின்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழியை அறியாத தமிழாசிரியர் இருக்க முடியாது. எழுதுகோல் சரியில்லை என்று முறையிடும் மாணவனுக்கும், வகுப்பறையில் வெளிச்சம் போதவில்லை என்று கூறும் மாணவிக்கும் நாம் வழங்கும் விடை அதுவே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதை வழங்கி வந்திருக்கிறேன். குறை கூறுபவரின் வாயை அடைக்க அதைவிடக் கூரிய கருவி வேறில்லை. ஆனால், அந்தக் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததா, நேராக இருந்ததா என்பதைப் பழமொழி கூறவில்லை. எவரும் சென்று அளந்து பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆடத் தெரியாமையும் கூடத்தின் கோணலும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடாதா? அவ்வாறாயின் ஆடுபவள் செய்ய வேண்டுவது யாது? கூடத்துக்கு உரியவர் செய்ய வேண்டுவது யாது?

இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை, கடற்கரையில் தோன்றியது.

பகாங் மாநிலத்தில், குவாந்தானுக்கு வடக்கே, செராத்திங் என்னும் கடற்கரைச் சிற்றூர் உள்ளது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலின் நெடும்பரப்பைக் கடந்து வந்து அங்கே அலைகளை எழுப்பும். அம்மாதங்களில் அலைச்சறுக்கு ஆடுவோர் பல நாடுகளிலிருந்தும் வந்து கூடுவர். காற்று ஓய்ந்தால் கடலும் ஓய்ந்துவிடும். மேற்குக் கரையில் வாழும் நம்மில் பலருக்கு இந்த வேறுபாடு புதிது. போர்ட்டிக்சனில் கால் நனைத்தவர்கள் கடல் என்பதே குளத்தைப் போன்றது என்று எண்ணிக்கொள்வர். சுமத்திராத் தீவு குறுக்கே கிடந்து இந்தியப் பெருங்கடலின் அலைகளை மறித்து நிற்பதால் வந்த அமைதி அது.

குவாந்தானில் ஆசிரியர் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டு, ஒரு மார்ச்சுத் திங்களின் இறுதியில் நான் செராத்திங்குக்குச் சென்றேன். என்னிடம் ஆறாண்டுகள் பயின்ற மாணவன் ஒருவன் அங்கே பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பிக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது முப்பது வயதைக் கடந்தவன். அன்று கடல் நன்றாக இல்லை. முழங்கால் உயரமே எழுந்த அலைகள், கரையை நோக்கி வீசிய காற்றால் சிதறுண்டு, ஒழுங்கின்றி வந்தன. பயணிகள் எவரும் நீரில் இறங்கவில்லை. அவன் மட்டும் இறங்கியிருந்தான்.

அலைச்சறுக்கில் பொதுவாகப் பலகையின்மீது படுத்துக்கொண்டு கைகளால் நீரைத் தள்ளிச் செல்வர். அலை தூக்கும்போது எழுந்து நிற்பர். என் மாணவன் பழகிக்கொண்டிருந்தது மற்றொரு வகை. தொடக்கம் முதலே பலகைமீது நின்றுகொண்டு, ஆள் உயரத்தினும் சற்று நீண்ட துடுப்பால் நீரை வலித்து, அலையைப் பிடிக்கும் முறை அது. ஹவாயின் வைகிகிக் கடற்கரையில் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்தோருள் சிலர் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாறு நின்று துடுப்பு வலித்தனர். மாணாக்கரைக் கவனிக்கவும் படம் எடுக்கவும் அது வசதியாக இருந்தது. ஆசிரியர்கள் கண்டெடுத்த முறை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்! பின்னர், 2000-ஆம் ஆண்டையொட்டி, பேரலைகளில் புகழ்பெற்ற லேர்ட் ஹேமில்டன், டேவ் கலாமா ஆகியோர், அலை மெலிந்த நாள்களில் உடலைப் பழக்கிக்கொள்ளும் வழியாக இதனைக் கைக்கொண்டனர். ஆகவே, குறைவான அலைக்கும் இக்கலைக்கும் உறவு நெருங்கியது.

கரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, வகுப்பறையில் நான் கண்டிராத பொறுமையை அவனிடம் கண்டேன். நல்ல அலை தன் வலிமையால் பலகையைத் தானே தள்ளிச் செல்லும். ஆடுபவனின் பிழைகளையும் சேர்த்து மூடிவிடும். மெலிந்த அலை எதையும் மூடுவதில்லை. அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே, கிடைக்கும் சிறு உந்துதலில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. பின்காலை ஓர் அடி அதிகமாகப் பின்னே வைத்தால் பலகையின் வால் நீரில் அழுந்தும். அலை அவனை விட்டுவிட்டுத் தான்மட்டும் கரைக்குப் போய்விடும். அலை தூக்கிய கணத்திலேயே உடலின் பாரம் முன்னே வர வேண்டும். திரும்பும்போது விசையாகத் திருப்பினால் இருக்கும் வேகமும் செத்துவிடும். அகல வளைந்து, அலையின் உயிருள்ள பகுதிக்கே மீண்டும் மீண்டும் வந்து சேர வேண்டும்.

அவன் கரையேறி வந்து என் அருகில் அமர்ந்தபின் இவற்றையெல்லாம் விளக்கினான். "காற்றால் கலைந்த நீரில் எல்லாரும் தம் கால்களைப் பார்க்கிறார்கள், ஐயா. கால்களைப் பார்த்தால் விழுவது உறுதி. தொலைவில் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும். துடுப்பை நீரைவிட்டு எடுக்கக் கூடாது; அதுதான் மூன்றாவது கால். தடுமாறும்போது துடுப்பை மேலே தூக்குவதுதான் மனித இயல்பு. அந்த இயல்பை மறப்பதற்கே எனக்கு ஓராண்டு ஆயிற்று" என்றான்.

அலை மெலிந்த நாள்களில் கூட்டம் இருப்பதில்லை. நல்ல அலை வரும் நாளில், தேர்ந்தவர்கள் நூறு பேருக்கிடையே பயில்பவன் ஒருவன் தவறு செய்ய இடமேது? விழவும், எழவும், பலகையின் பின்புறத்தில் கால் வைத்து அதனை ஒரே சுற்றில் திருப்பும் முறையைப் பலமுறை முயலவும் வேண்டிய வெளி இத்தகைய நாளிலேதான் கிடைக்கிறது. மற்றொன்றையும் கவனித்தேன். நிற்பவனின் கண்ணுக்கு அலை முதலில் தெரியும். துடுப்பு இருப்பதால் முதலில் அதனைப் பிடிக்கவும் முடியும். படுத்துச் செல்லும் பலகைகளோடு இரண்டு மலாய்ச் சிறுவர்கள் சற்றுத் தள்ளிக் காத்திருந்தனர். என் மாணவன் ஓர் அலையை எடுத்தால் அடுத்த அலைகளை அவர்களுக்கு விட்டான். பொருள் குறையும்போதுதான் பேராசை பெருகும் என்பது ஊரறிந்த உண்மை. அவன் அதற்கு இடங்கொடாதது எனக்கு நிறைவளித்தது.

இந்த இடத்தில் நான் என் வழக்கமான சொற்பொழிவைத் தொடங்கிவிட்டேன். ஆசிரியரின் நோய் அது. குறைவே நிறைவைக் கற்பிக்கும் ஆசான் என்றேன். அவனும் எனக்குத் துணையாக ஒரு சான்று கூறினான். துடுப்பின்றி அலைச்சறுக்கு ஆடுவோரில் கெல்லி சிலேட்டர் 11 முறை உலக வாகையர் பட்டம் வென்றவர். முதலாவதை 1992-இல் தம் இருபதாம் வயதிலும், பதினொன்றாவதை 2011-இல் 39-ஆம் வயதிலும் பெற்றார். அவர் பிறந்து வளர்ந்த ஊராகிய கோக்கோ பீச், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ளது. அங்கே பெரும்பாலான நாள்களில் அலை சிறிது. கடலடித் திட்டு ஆழமின்றி நெடுந்தொலைவு நீண்டிருப்பதால், அலைகள் கரையை அடையுமுன்பே வலுவிழந்துவிடுகின்றன. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தகித்தித் தீவின் தியாஹுப்போவில் நடைபெற்றபோது, பெண்கள் பிரிவில் பொன் வென்ற கேரொலின் மார்க்ஸ் என்பவரும் அதே ஃபுளோரிடாக் கரையில் வளர்ந்தவரே.

"பார்த்தாயா!" என்றேன் நான்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்ச் சிரித்துக்கொண்டே, "அவர்கள் அங்கேயே இருந்துவிடவில்லை, ஐயா" என்றான். சிலேட்டர் சிறுவயதிலேயே ஹவாய்க்குச் சென்று பேரலைகளில் பழகத் தொடங்கியவர் என்பதை அவன்தான் எடுத்துக் கூறினான். "சிறிய அலை எனக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால், பெரிய அலை தலைமேல் விழுந்து அமுக்கும்போது, நீருக்கடியில் அச்சமின்றி மூச்சடக்கி இருப்பதை அது கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் கற்றுக்கொடுக்க முடியாது. அதைக் கற்கப் பெரிய அலைக்குத்தான் போக வேண்டும். நான் போனபோது வயது கடந்துவிட்டது" என்றான்.

அவன் கடலைப் பற்றித்தான் பேசினான். என் காதில் விழுந்தது வேறு.

அவன் பயின்ற காலத்தில் எங்கள் பள்ளி பகுதி உதவி பெறும் தோட்டப் பள்ளி. நிலம் தோட்டத்துக்கு உரியது. ஆதலால் அரசின் முழு உதவியும் கிட்டவில்லை. மாணவர் தொகை குறைவு. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து நடத்தினோம். அறிவியல் அறை என்பது கூரையின்கீழ் இரு மேசைகளும் ஓர் அலமாரியுமே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "பிள்ளைகளுக்கு ஒரு நுண்பெருக்கியாவது வேண்டுமே, ஐயா, மேலிடத்துக்கு எழுதக் கூடாதா?" என்று கேட்டார். நான் கூடம் கோணல் என்னும் பழமொழியைக் கூறினேன். அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் அமர்ந்துவிட்டார். அவர்தாம் இவனுடைய தாயார். அவ்வாண்டு இருவர் 7 ஏ பெற்றனர். அவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினேன். வசதியின்மை தடையன்று என்பதற்கு அப்படமே எனக்குச் சான்றாயிற்று. மற்றவர்களின் படத்தை நான் மாட்டவில்லை. இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்துக்குள் முதன்முறையாக நுழைந்து, எந்தக் கருவியை எப்படித் தொடுவது என்று அறியாது பின்வரிசையில் நின்ற பிள்ளைகளுள் இவனும் ஒருவன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அறத்தைப் பற்றிய வினா இங்கேதான் எழுகிறது. கடலில் அலை மெலிந்திருப்பது எவருடைய குற்றமும் அன்று. காற்றின்மீது வழக்குத் தொடுக்க இயலாது. ஆகையால் அலையைப் பழிக்காமல், உள்ள அலையில் தன்னைத் திருத்திக்கொள்வது அறிவுடைமை. ஆனால், பள்ளிக்கு நுண்பெருக்கி இல்லாமை பருவக்காற்றின் செயலன்று. எவரோ எழுதாமல் விட்டார்; எவரோ எழுதியதைப் படிக்காமல் விட்டார். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, "கிடைத்ததைக் கொண்டு முன்னேறு" என்று ஒரே அறிவுரையை வழங்குவது முறையாகுமா? அவ்வறிவுரையை ஒருவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும்போது அது வீரம். குறையைப் போக்கும் கடமையுள்ளவன் பிறருக்குக் கூறும்போது, அதே சொற்கள் தப்பித்தலாக மாறிவிடுகின்றன. நான் கூறியது இரண்டாம் வகை.

திருக்குறளில் இடுக்கணழியாமைக்கு ஓர் அதிகாரம் இருப்பதை நாம் மாணவர்க்கு ஓயாது நினைவூட்டுகிறோம். அதே பொருட்பாலில் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊக்கம் ஒன்றே போதுமெனில், காலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனியே பத்துக் குறள்கள் எதற்கு? இடுக்கணழியாமையைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்த நாம், இடனறிதலை நமக்குப் பாடமாக வைத்துக்கொள்ளவில்லை.

இதனால், வசதி வரும்வரை கைகட்டி நிற்கலாம் என்று எவரும் பொருள் கொண்டுவிடலாகாது. காலை ஏழரை மணிக்கு மணியடித்தால், வகுப்பில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டே பாடம் நடத்த வேண்டும். பேரலைக்காகக் கரையிலேயே காத்திருப்பவன், பேரலை வரும் நாளில் நிற்கவும் அறியான். என் தலைமுறை ஆசிரியர் பலர், உடைந்த சுண்ணக்கட்டியையும் பழைய நாள்காட்டித் தாளையும் கொண்டு பயிற்றுவித்த திறனை நான் குறைத்துக் கூற மாட்டேன். அத்திறன் மெலிந்த அலையில் பிறந்தது. ஆயினும், காலையில் உள்ளதைக் கொண்டு கற்பித்த கை, மாலையில் இல்லாததைக் கேட்டு மடல் எழுதவும் வேண்டும். நான் முதற்பாதியைச் செய்துவிட்டு, அதன் பெருமையிலேயே இரண்டாம் பாதியை மறந்தேன். செராத்திங்கிலிருந்து திரும்பிய வாரத்தில் எழுதத் தொடங்கினேன். இப்போது நான் பணியாற்றும் பள்ளி வேறு. கேட்பதற்குரிய பொருள்களும் வேறு. சில வந்தன, சிலவற்றுக்கு இன்னும் விடை இல்லை.

அன்று மாலை நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். "ஒருமுறை ஏறிப் பாருங்கள், ஐயா" என்று அவன் வற்புறுத்தவே, கால்சட்டையை மடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினேன். ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியர் ஒருவர் கடலில் விழும் காட்சியை விரிவாக எழுத நான் விரும்பவில்லை. மூன்றுமுறை விழுந்தேன். மூன்றாம் முறை எழுந்து கண்களைத் துடைத்துக்கொண்டபோது, அவன் வாயிலிருந்து அந்தப் பழமொழி வரும் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன். அவன் பலகையின் விளிம்பைப் பிடித்து நிறுத்தி, என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தான்.

"தவறு என்னுடையது, ஐயா. இந்தப் பலகை உங்களுக்குக் குறுகல்" என்று கூறிவிட்டு, கரையேறிக் கொட்டகைக்கு நடந்தான். திரும்பி வந்தபோது, அவன் தலைமீது அகன்றதொரு பலகை இருந்தது.