பிரஜாவுரிமையும் பிழைப்பும்

ஒருவன் ஒரு நாட்டில் உழைத்தமையால் அந்நாட்டின் பிரஜையாகிறானா, அன்றிப் பிரஜையான பின்னரே அவனுக்கு அங்கு உழைக்கும் உரிமை உண்டாகிறதா? இதைப் பண்டிதர்களின் வாதத்துக்கு விட்டுவிடலாமெனச் சிலர் எண்ணக்கூடும். மலாயாத் தமிழனுக்கோ இது வயிற்றுக் கேள்வி.

1948ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை, வெளியிலிருந்து வந்தவன் பிரஜையாக விரும்பின், முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டுமென விதித்தது. 1957இல் நாடு சுதந்திரமடைந்தபோது விதிகள் தளர்ந்தன. அப்படியிருந்தும் தோட்டப்புறத்தில் பல்லாயிரவர் மனுச் செய்யாமலே இருந்துவிட்டனர். சோம்பலே காரணமென்று பட்டணத்துக் கனவான்கள் கூறுவதுண்டு. நாற்காலியில் அமர்ந்து சொல்லும் சொல் அது! நாட்கூலிக்காரன் காரியாலயத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பிறப்புப் பத்திரம் கேட்டால் அவனிடம் இல்லை. பாரம் எழுதக் கிராணியின் தயவு வேண்டும். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைவும் பலர் நெஞ்சில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்திரம் இல்லாதவனுக்கும் அந்நாளில் தோட்டத்தில் வேலை இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டவர் எவரும் அவனுடைய பிரஜாவுரிமையைக் கேட்கவில்லை. எவரும் கேளாத ஒன்றின் விலையை அவன் எவ்வாறு அறிவான்?

கேட்கும் காலமும் வந்தது. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதார் பெர்மிட் பெற்றே வேலை செய்யவேண்டுமென்றது. 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தின் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவன், தன் கையால் நட்டு வளர்த்த பால்மரத்தை வெட்டுவதற்கே அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. அக்காலத்தில் சுமார் 60,000 இந்தியர் இந்நாட்டை விட்டுக் கப்பலேறினர் எனக் கணக்கிடுவர். தந்தை சிவப்பு, மகன் நீலம் என ஒரே லயத்து வீடு இரண்டாகப் பிளந்த கதைகளைச் சொல்லத் தொடங்கினால் இவ்வேடு போதாது.

தேசம் தன் மக்களுக்கே முதலில் வேலை கொடுக்கவேண்டாவோ என்று வினவுவர். வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தன் மக்கள் யார்? நேற்றுக் கரையிறங்கியவனையும் முப்பது ஆண்டு உழைத்தவனையும் அந்நியர் என்ற ஒரே சொல்லால் அழைப்பது நியாயமன்று. ஒருவன் தன் உடலின் பலத்தையெல்லாம் ஒரு நாட்டின் செல்வமாக்கிவிட்ட பின், அவன் இந்நாட்டானா என்று காகிதத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது, கடன் வாங்கியவன் பத்திரம் இல்லையென்று கைவிரிப்பதைப் போன்றது.

நிற்க. நீலக் கார்டு பெற்றவனெல்லாம் வாழ்ந்துவிட்டானா? அதுவும் இல்லை. சர்க்கார் உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும் என்பது மெய். ஆயினும் தோட்டப் பள்ளியில் சில வகுப்புகளோடு நின்ற பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்தும் பயனில்லை. காகிதம் தடையை நீக்கும், தொழிலைக் கற்பிக்காது.

இன்று நம் லயங்கள் இருந்த இடங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் தங்கிப் பால் வெட்டுகின்றனர், செம்பனைக் குலை அறுக்கின்றனர். அவர்கள் வந்து கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்று நம்மவரே பேசக் கேட்கிறோம். முன்பு நம்மைப் பார்த்துப் பிறர் கூறியதும் இதுவே! அவர்களுடைய பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. அடுத்த தோட்டத்தில் கூலி அதிகமென்றாலும் அவர்கள் விருப்பப்படி போக முடியாது. மனைவி மக்களை அழைத்துவரவும் இடமில்லை. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தப் பெர்மிட் பிரஜாவுரிமைக்கு வழியாவதில்லை. நம் பாட்டன்மாரை ஒரே தோட்டத்தோடு பிணித்திருந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. பெயர் மாறிவந்த இம்முறையை மட்டும் நாம் ஏன் வாய்மூடி ஒப்பவேண்டும்? கூலி பிடிக்காத தோட்டத்தை விட்டுப் போகும் உரிமை அந்த வங்காளதேசத் தோழனுக்கும் இருக்குமாயின், மலிந்த கூலிக்கு நிற்கும் ஆளை முதலாளி எங்கே தேடுவான்?